பதில் போடாதே என்கிறாய்

அன்புப் பேத்திக்கு,

ஜட்ஜம்மா எழுதுவது. நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய். ராத்திரி டியூட்டி பார்த்துப் பார்த்து உன் கண் உள்ளே போயிருப்பதைப் போன வாரம் வீடியோவில் பார்த்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை. நான் நலம். முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, தனிக்குடித்தனம் நடத்துகிறது.

இந்தக் காலத்தில் எதற்குக் காகிதமும் தபால்தலையும் என்று நினைப்பாய். மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இனி உள்ளேயும் வராது வெளியேயும் போகாது என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை. நான் பாதி சொல்லும்போதே சரி பாட்டி, சரி பாட்டி என்று ஆணி அடிப்பதுபோல் அடித்து வைத்துவிடுகிறாய். காகிதத்தில் அந்த வேலை நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. இந்த மாசக் கடைசியில் அந்தப் பழைய பெட்டியை மூடிவிடப் போகிறேன், பாஸ்வேர்டு என்னிடம்தானே இருக்கிறது, புதிதாக ஒன்று திறந்து தருகிறேன், குப்பையோடு சேர்த்துத் தலைமுழுகிவிடலாம் என்றாய். நான் கேட்டுக்கொண்டேன். சம்மதம் என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை நீ கவனிக்கவும் இல்லை.

குப்பை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாய். அதற்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பரிசாகக் கார் விழுந்திருக்கிறது என்று ஒருவன். அதே கார் போன மழைக்கும் விழுந்தது, நிறத்தைக்கூட மாற்றவில்லை சோம்பேறி. வழுக்கையில் முடி முளைக்கத் தைலம் என்று ஒருவன். எனக்குத் தலையில் குறையில்லை, முட்டிக்கு இருந்தால் சொல் என்று எழுதினேன், ஆளைக் காணோம். புருஷன் செத்துவிட்டான், பெட்டி நிறையத் தங்கம் இருக்கிறது, நீதான் என் உடன்பிறப்பு என்று ஒருத்தி. நானும் புருஷனை வாரிக்கொடுத்தவள்தான், தங்கத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மெயில் அனுப்பவில்லை, போய் வேலையைப் பார் என்று பதில் போட்டேன். இது கடைசி எச்சரிக்கை என்று ஒருவன் வாரா வாரம் எழுதுகிறான். கடைசி என்றால் கடைசியாக இருக்க வேண்டாமா? சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவனை எனக்கு ஆகவே ஆகாது. அவன்மேல் தனி வஞ்சம் வைத்திருக்கிறேன்.

ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒருவன் விடாமல் எல்லாரையும் திட்டினேன். நான் திட்டத் திட்ட அவர்கள் பெருகினார்கள். பிறகுதான் ஜெராக்ஸ் கடைக்காரி விஷயத்தைச் சொன்னாள். ஐயோ அம்மா, பதில் போடாதீங்க, பதில் போட்டால் இந்த முகவரியில் ஆள் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்வான், ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவான் என்றாள். திட்டினாலுமா என்று கேட்டேன். திட்டினால்தான் அவனுக்குச் சந்தோஷமே என்றாள். மானம் கெட்ட ஜென்மங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது உன் அப்பன் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனான். கரண்ட் பில் வருவதற்கென்று அதற்கு முந்தைய வருஷம் இந்தப் பெட்டியைத் திறந்து கொடுத்தவன் அவன்தான். முகவரியில் என் பேரைப் போடாமல் ஜட்ஜம்மா என்று போட்டான். வீட்டில் எல்லாருக்கும் உட்கார்ந்த இடத்தில் தீர்ப்பு எழுதுகிறேனாம். அப்போது ஒன்று சொன்னான். அம்மா, வீடு மாறும், போன் நம்பர் மாறும், இது மாறாது என்றான். அவன் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான். அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். போன் நம்பரை நீ வெளிநாடு போகும்போது மாற்றிக் கொடுத்தாய். அக்கம்பக்கத்தார் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அவன் என்னைத் தேடினால் வந்து நிற்க மிச்சம் இருக்கிற ஒரே வாசல் அந்தப் பெட்டிதான்.

பாட்டி பாசத்தில் உருகுகிறாள் என்று நினைக்காதே. அவனிடம் எனக்கு நான்கு கேள்வி இருக்கிறது. கேட்காமல் விடுவதாக இல்லை.

மாசக் கடைசிக்குள் நானே பெட்டியைக் காலி செய்கிறேன். அதுவரை நீ கை வைக்கக் கூடாது. டியூட்டிக்குப் போகுமுன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் பாட்டி

---

அன்புப் பேத்திக்கு,

கடிதம் கிடைத்ததும் போன் செய்து நன்றாகக் கத்தினாய். கத்தியது எனக்குக் கோபமில்லை. அந்த ஆள் என்று சொன்னாயே, அது ஒன்றுதான் காதில் நிற்கிறது. அப்பா என்று சொல்லச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. தேட நினைத்திருந்தால் எப்பவோ தேடியிருப்பார் என்றாய். இருக்கலாம். ஆனால் அவன் தேடாமல் இருந்தால் அது அவன் குற்றம். அவன் தேடும்போது நாம் கதவைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தால் அது நம் குற்றம். அவன் கணக்கில் இருப்பதை என் கணக்கில் ஏற்றிக்கொள்ள நான் தயாராக இல்லை.

தினமும் காலையில் வீட்டைப் பெருக்கிவிட்டு, பெட்டியைக் காலி செய்ய ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்குப் போகிறேன். கடைக்காரி நல்லவள்தான். முன்பு ஒரு தடவை முழுக் கறுப்பாக வந்த தாளுக்கும் காசு வாங்கினாள், அதை மறக்கவில்லை, ஆனாலும் நல்லவள்தான். கால் ஆடுகிற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று எனக்கென்று ஆகிவிட்டது. மெஷின் சூடு முகத்தில் அடிக்கும், கூட்டம் வந்தால் எழுந்து நிற்பேன். ஒரே அமுக்கில் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் அம்மா என்றாள் முதல் நாளே. அழிக்க எனக்கும் தெரியும், பார்க்காமல் அழிக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் நீங்கள் இங்கேயே ரேஷன் கார்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள்.

போன வாரம் எனக்கு இரக்கப்பட்டு ஒரு தடுப்புப் போட்டுக் கொடுத்தாள். தெரிந்தவர்கள் எழுதினால் மட்டும் உள்ளே வரும். தெரியாதவன் எழுதினால் தானாகக் குப்பைக்குப் போய்விடும். அவசரம், கடைசி முறை, மன்னிக்கவும், நல்ல செய்தி என்று தொடங்கினாலும் நேரே குப்பைதான். பெட்டி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நான்கு நாள் ராஜா மாதிரி இருந்தேன். வந்தது கரண்ட் பில் மட்டும்.

ஐந்தாம் நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. ஊரைவிட்டு ஓடினவன் பழைய முகவரியிலிருந்தா எழுதுவான்? எந்தப் பேரில் எழுதுவான் என்று யார் கண்டது? அவனும் அந்தப் பெட்டிக்குத் தெரியாதவன்தானே. அப்புறம் அந்த வார்த்தைகளை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவசரம், கடைசி முறை, மன்னிக்கவும், நல்ல செய்தி. உன் அப்பன் பிறந்ததிலிருந்து என்னிடம் பேசினதே இதைத்தானடி! இந்த நான்கையும் தடுத்துவிட்டால் அவன் ஊமையாகத்தான் எழுத வேண்டும்.

சோப்புக் கையோடு கடைக்குப் போய், தடுப்பை எடு என்றேன். கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். எடுத்துவிட்டாள். கார் விழுந்தவனும் கடைசி எச்சரிக்கைக்காரனும் மறுநாளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்.

கேள்விகளைச் சொல்லச் சொன்னாய். முதல் கேள்வி, அன்றைக்குக் காலையில் நீ பள்ளிக்கூடத் தாளில் கையெழுத்துக் கேட்டபோது சாயங்காலம் போட்டுத் தருகிறேன் என்றானே, எந்தச் சாயங்காலம்? இரண்டாவது, அவன் பழுது பார்த்த லிஃப்ட் அறுந்ததற்கு யாரும் அவன்மேல் கேஸ் போடவில்லை, கால் போன கூட்டாளிகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியிருக்க, வீட்டில் ஜட்ஜ் நான் ஒருத்தி இருக்கும்போது ஊரைவிட்டுப் போ என்று தனக்குத் தானே தண்டனை எழுதிக்கொள்ள இவன் யார்? மூன்றாவது, அந்தத் தண்டனையில் தாயில்லாப் பிள்ளையையும் என்னையும் எதற்குச் சேர்த்தான்? நான்காவது உனக்கில்லை.

இன்னொன்று. திங்கட்கிழமை நீ தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுப்பி, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படித்துச் சொல் என்றேனே. எதற்கு பாட்டி என்றாய், கரண்ட் பில்லுக்கு என்றேன். பில்லுக்கு இல்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். யார் கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவள் நீ. இத்தனை நாள் அந்தத் திருடர்களோடு குடித்தனம் நடத்தியதற்கு இவ்வளவாவது கற்றுக்கொள்ள வேண்டாமா?

இனி உன்னால் மூட முடியாது. கோபப்படு, நியாயம்தான். வேலைக்குப் போகும்போது மட்டும் கோபத்தோடு சாலையைக் கடக்காதே.

இப்படிக்கு,
உன்னை ஏமாற்றிய
பாட்டி

---

அன்புப் பேத்திக்கு,

இரண்டு வாரம் பேசாமல் இருந்தாய். என் ரத்தம் உன் உடம்பில் நன்றாகத்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

பெட்டி காலி. சிவப்பு எழுத்துப் போய்விட்டது. கடைக்காரி எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். கறுப்புத் தாள் விஷயத்தை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். என்ன கறுப்புத் தாள் என்று கேட்டாள். மறந்தே போய்விட்டாள் பார்.

இரண்டு மெயிலை மட்டும் அழிக்காமல் கடைசியில் ஒதுக்கி வைத்தேன், நீ மறுபடி பேச ஆரம்பித்ததும் அவற்றைப் பற்றித்தான் உன்னிடம் போனில் கேட்டேன். ஒன்று போன மழைக்கு வந்தது, ஒன்று இந்த மழைக்கு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து. அனுப்பினவன் பேர் என்று எழுத்தும் எண்ணும் கலந்து ஏதோ இருக்கிறது. தலைப்பு இல்லை. உள்ளே ஒரு வார்த்தை இல்லை. வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எதையோ விற்பவன் என்றால் விற்கிற பொருளையாவது காட்டுவான். இவன் எதையும் கேட்கவில்லை, எதையும் கொடுக்கவும் இல்லை.

நீ அதற்கும் விளக்கம் சொன்னாய். அதுவும் அவர்கள் தந்திரம்தான், வெறும் மெயில் அனுப்பி ஆழம் பார்ப்பார்கள், பதில் போடாதே பாட்டி, போட்டால் அந்த முகவரியில் ஒருத்தர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துவிடும் என்றாய். கடைக்காரியும் இதையேதான் முன்பு சொன்னாள். இரண்டு பேரும் படித்தவர்கள், சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் உனக்கு ஒன்று தெரியாது. உன் அப்பன் சின்ன வயசில் ஏதாவது செய்துவிட்டு வந்தால் கதவைத் தட்டுவான், தட்டிவிட்டு வாயே திறக்காமல் நிற்பான். அம்மா என்றுகூடக் கூப்பிடமாட்டான். யாரது என்று நான்தான் கேட்க வேண்டும். யாரென்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டால்தான் நான் என்பான். நான் உடனே கேட்டதில்லை. அடுப்பு வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் கேட்பேன். உடனே கேட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் சொல்லமாட்டேன், அவன் செய்துவிட்டு வந்த காரியம் அப்படி. ஆனால் கேட்காமல் ஒரு நாளும் படுத்ததில்லை.

அதனால் வியாழக்கிழமை பதில் போட்டேன். திட்டவில்லை. யாரது, நான் இருக்கேன், என்று மட்டும் எழுதினேன். கடைக்காரி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

அது அவனாக இல்லாமலும் இருக்கலாம். எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்கு ஆழம் பார்க்கிற களவாணியாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். நான் உயிரோடு இருப்பது அவனுக்கும் தெரியட்டும், அதில் எனக்கு என்ன வெட்கம்? வியாழக்கிழமையிலிருந்து குப்பை இரண்டு பங்காக வருகிறது. வரட்டும். தினமும் கூட்டித் தள்ளுவேன். வீட்டையும் தினமும்தானே பெருக்குகிறேன், தூசி வருகிறது என்று வாசலையா அடைத்துவிட்டேன்?

நேற்று போனை வைக்கும் முன் ஏதாவது வந்ததா என்று கேட்டாய். என்ன வந்ததா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாய். அந்த அரைக் கேள்வியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்றும் வரவில்லை.

முட்டி ஒத்துழைக்கிறவரை நான் போய்ப் பார்த்துக்கொள்வேன். ஒரு நாள் அது ஒத்துழைக்காது. லீவில் வரும்போது புது பாஸ்வேர்டை உன் காதில் சொல்கிறேன், காகிதத்தில் எழுதுவதாக இல்லை. நீ அவனை மன்னிக்க வேண்டாம். நானே இன்னும் மன்னிக்கவில்லை. கேள்வியும் கேட்க வேண்டாம், அது என் வேலை. எனக்குப் பிறகு என்றைக்காவது வெறும் மெயில் ஒன்று வந்து பேசாமல் நின்றால், யாரது, நான் இருக்கேன் என்று சொல்ல அந்த வாசலில் ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

நீ நன்றாக இரு கண்ணு. என்னைவிட நீண்ட நாள் இரு.

இப்படிக்கு,
ஜட்ஜம்மா