நிலாவுக்கு ஐந்தாம் இடம்

ஆவணி, ஞாயிறு. பௌர்ணமிக்கு மறுநாள்.

செங்கல்பட்டு வீட்டில் இன்று இருந்தவர்கள்: என் தம்பி கோவிந்தன், மகன் சேகர், மருமகள் விமலா, நான். எனக்கு நினைவு தப்புகிறதா, இனியும் என்னைக் கருங்குழி வீட்டில் தனியாக விடலாமா என்று பேசத்தான் கூடினார்கள்.

இருட்டியதும் மாடிக்குப் போனோம். நிலா வந்திருந்தது. பெரிய நிலாக்களில் இதற்கு ஐந்தாம் இடம்தான் என்றேன். கோவிந்தன் சிரித்தான்.

"இன்னாக்கா உளர்ற? கீறதே ஒரு நிலா."

"வியாழனுக்கும் சனிக்கும் நிலா கீதுடா. கானிமீடு, டைட்டன், காலிஸ்டோ, அயோ. அப்புறம்தான் நம்மளது."

"பாத்தியா விமலா, வாய்க்கு வந்த பேரெல்லாம் சொல்லுது. இத்த எப்புடி தனியா வுடறது?"

போன மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் இந்தப் பெயர்களை எனக்கு வரிசையாகச் சொன்னவன் சேகர். ஒரே தடவைதான் சொன்னான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கையை நீட்டினான்.

"மாமா சொல்றது சரிதாம்மா. வூட்டு சாவியக் குடு."

கொடுத்துவிட்டேன்.

கோவிந்தன் எட்டாவதில் இரண்டு தடவை பெயிலானவன். அவனுக்குத் தெரியாது, போகட்டும். விமலா வாயே திறக்கவில்லை. அவளையும் விட்டுவிடலாம். எல்லாம் தெரிந்துகொண்டே கையை நீட்டினானே, அவனைச் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். சேகர்.