இத்தா முடியட்டும்

செப்டம்பர் 4, 2025

ஆம்பூர் கிளினிக். அப்பாவைக் காட்ட வந்த ஒருவர், "வயசானவங்களுக்கு மட்டும் மனநல டாக்டரா? பிராக்டீஸ் ஓடுதா மேடம்?" என்றார். ஓடுகிறது ஐயா, நொண்டிக்கொண்டு.

மாலை மேல்விஷாரத்திலிருந்து நிசார் அஹமது போன். தோல் கம்பெனி சூப்பர்வைசர். போன மாதம் அப்பா இறந்ததிலிருந்து அம்மா சுகரா பேகம் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லையாம். "இத்தாவுல இருக்காங்க டாக்டர். புருஷன் எறந்தா நாலு மாசம் பத்து நாள் வெளிய வரக்கூடாது. முடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன்." சரி என்றேன். அவர்கள் வழக்கத்தில் நான் என்ன சொல்ல?

செப்டம்பர் 9

ஏன் சரி என்றேன்? வேறு யாராவது என்றால் மறுநாளே வரச் சொல்லியிருப்பேனே. நிசாரைக் கூப்பிட்டேன். "பொறுமையா இருக்காங்க டாக்டர், பயப்படாதீங்க." பயந்தேன்.

செப்டம்பர் 17

மருமகள் லுப்னா அடங்கிய குரலில் கூப்பிட்டாள். "மாமி ரெண்டு நாளா தண்ணி கூட வேணாங்கறாங்க. எல்லாரும் துக்கம்னு சொல்றாங்க. எனக்கு பயமா இருக்கு மேடம்." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

உள் அறை. ஒட்டிய கன்னம், வறண்ட நாக்கு. எல்லோரையும் வெளியே அனுப்பினேன். அப்புறம்தான் சுகரா பேகம் பேசினார். "அவரு கடைசியா டீ கேட்டாரு. சக்கர ஜாஸ்தியா இருக்கு, பேசாம படுங்கன்னுட்டேன். விடியறதுக்குள்ள போய்ட்டாரு. எனக்கு எதுக்குமா சோறு?" எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருஷ சர்வீஸாம், பெரிய சர்வீஸ்.

இது வெறும் துக்கமில்லை, நோய். உடனே அட்மிட் பண்ண வேண்டும் என்றேன். நிசார் அசையவில்லை. "இத்தாவுல எப்படி டாக்டர்?"

"பள்ளிவாசல்ல ஹஜ்ரத்தைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேளுங்கள் என்று நானும்தான் சொல்லவில்லை. வழக்கத்துக்கு மரியாதை காட்டுகிறோம் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மனுஷியைச் சாகவிடப் பார்த்தோம் — சே.

நிசார் போன் போட்டார். ஹஜ்ரத் குரல் ஸ்பீக்கரில் கேட்டது: "உயிருக்கு ஆபத்துன்னா தாராளமா ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா. இத கேட்டுக்கினா நிக்கறே? கெளம்பு."

செப்டம்பர் 20

டிரிப் ஏறுகிறது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. பேச்சில்லை. லுப்னா கட்டிலை விட்டு நகரவில்லை.

அக்டோபர் 6

அரை இட்லி. இன்றைக்கு இது போதும்.

அக்டோபர் 15

டிஸ்சார்ஜ். மீதி இத்தா வீட்டில். "அந்த டீயை மறக்க முடியாது டாக்டரம்மா" என்றார். மறக்க வேண்டாம், மாத்திரையை மறக்காமல் இருந்தால் சரி என்றேன். லேசாகச் சிரித்தார்.

ஜனவரி 22, 2026

சுகரா பேகத்துக்கு இன்று அப்பாயின்ட்மென்ட் இல்லை. ஆனாலும் வந்தார். இத்தா முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கூடவே, தலை கலைந்த ஓர் அம்மாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"எங்க பக்கத்துத் தெரு அமிர்தவள்ளி. ஊட்டுக்காரரு போயி ஒரு வாரம் ஆவுது. ஒரு வாய் எறங்கல. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்னாங்க இவ ஊட்ல. அதுவரைக்கும் இவ இருக்கணுமில்லன்னு கேட்டேன். கேட்ட கையோட ஆட்டோவுல ஏத்தி, பஸ் புடிச்சி இட்டாந்துட்டேன்."

மூச்சு வாங்கியது அவருக்கு. இருந்தாலும் நாற்காலியை அமிர்தவள்ளிக்குத்தான் இழுத்துப் போட்டார்.