எப்ராயின் பெண் கேட்க வந்த கப்பல்

அன்பு மகள் யாஹைராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே தீவில் நானும் அம்மாவும் சுகம், அங்கே கித்தோ மலைக்குளிரில் நீயும் உன் மூக்கும் சுகமா. நீ டீச்சர், நான் நாலாம் வகுப்பு, அதனால் இதைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே.

நீ அனுப்பிவைத்த எப்ராயின் வந்து சேர்ந்தான். பெண் கேட்க வந்தவனை வீட்டில் உட்காரவைத்துப் பேசினால் யாரும் நல்லவன்தான், நான் கரைக்கு ஆள் இறக்கும் படகு ஓட்டுகிற சுற்றுலாக் கப்பலிலேயே ஏறு தம்பி, பார்க்கலாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். மலைக்காரன், நம் கடலையும் பிராணிகளையும் மிருகக்காட்சிசாலை மாதிரிப் பார்த்துவிட்டு உன்னை அங்கேயே வைத்துக்கொள்வான் என்று பயம். பெர்னாண்டினா தீவு போகும்வரை அவனுக்கு ஒரே வாந்தி, நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். இறங்கினதும் ஆள் மாறிவிட்டான். எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறையில் கடல் உடும்புகள் மூக்கால் உப்பைச் சீறின, ஒன்று இவன் கால்சட்டை மேலேயே சீறியது, துடைக்கக்கூட இல்லை. பறக்காத நீர்க்காகம் பெட்டைக்குக் கடற்பாசி கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்து, "நான் வெறுங்கையா வந்துட்டேனே" என்று வழிகாட்டிப் பெண்ணிடம் புலம்பினானாம்.

திரும்பும்போதுதான் கூத்து. கரையில் கழற்றி வைத்த இவன் லைஃப் ஜாக்கெட்டின் மேல் ஒரு கடல் சிங்கம் ஏறிப் படுத்துத் தூங்குகிறது. ஜாக்கெட் போடாமல் யாரையும் படகில் ஏற்றக்கூடாது. கப்பலில் சங்கு ஊதிவிட்டார்கள். அவசரத்தில் நான் துடுப்பால் தண்ணீரை அதன்மேல் விசிறப் போனேன். இவன் குறுக்கே வந்து, "வேணாம் மாமா, தூங்குது பாவம். கப்பல்ல வேற இருக்கும்ல, போய் எடுத்துட்டு வாங்க" என்றான். "யாருக்குடா மாமா? இன்னும் ஒண்ணும் முடிவாகல" என்றேன். பாறை நண்டு மாதிரிச் சிவந்துபோனான், நகரவில்லை. வழிகாட்டிப் பெண் வேறு, "பிராணிங்ககிட்டருந்து ஆறடி தள்ளி நிக்கணும்னு இந்தப் பெரியவருக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா" என்று சிரித்தாள். கேப்டனிடம் திட்டு வாங்கி இன்னொன்று எடுத்து வந்ததும் நான்தான். வந்து பார்க்கிறேன், ஆறடி தள்ளி, தொட்டில் பிள்ளைக்குக் காவல் மாதிரி அசையாமல் நிற்கிறான். முப்பது வருடமாக இங்கே இருப்பவன் நான், எனக்கு வெட்கமாகிவிட்டது.

அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அவள் அவனுக்கு மூன்று தட்டு தேங்காய்ப்பால் மீன் போட்டாள். அவனிடம் மட்டும் சொல்லவில்லை. பதிலைக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், நீயே யாஹைராவிடம் கொண்டுபோய்க் கொடு என்று சொல்லி, உறையை ஒட்டி அவன் கையிலேயே தருகிறேன். வழியெல்லாம் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்பான்.

நல்லபடியாக இருங்கள், கடவுளும் கன்னி மாதாவும் துணை. ஞாபகம் வைத்துக்கொள், படித்ததும் முகத்தைத் தொங்கப்போட்டு ஒரு சாப்பாட்டு நேரம் அவனை அலையவிடு. அதற்குமேல் வேண்டாம், பாவம்.

உன் அப்பா,
செகுந்தோ
(அவனுக்கு மாமா)