முடிவு தெரியாத சாட்சி

மார்ச் 3, திங்கள்

மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து நடக்கப் பழகும் பெரியவர் இன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வலியே இல்லம்மா" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. பிசியோதெரபி அறையில் இத்தனை வருடம் நின்றதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேட்காமலே வலி இல்லை என்று சொல்பவரைக் கொஞ்ச நேரம் உட்காரவைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் இவர் சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "நம்ம காயின் ஏறிடுச்சு, வந்து பாரு." பச்சை நிறத்தில் ஓர் எண். பார்த்தேன். நல்ல பெரிய எண்தான். எண்ணுக்கென்ன, யார் எழுதினாலும் ஏறும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சபையில், அவரவர் பெற்ற நன்மையைச் சொல்லும் சாட்சி நேரத்தில், இவர் எழுந்துவிட்டார்! எங்கள் கல்யாணத்திலேயே மைக்கைத் தொடாத மனிதர். "போட்டதுல கொஞ்சம் எடுத்துப் பாத்தேன். கேட்ட அன்னைக்கே பேங்குக்கு வந்துருச்சு. கர்த்தர் கதவைத் திறந்தார்." சபை முழுவதும் ஸ்தோத்திரம். முன்வரிசையில் கோட்டு பிரதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் அது. சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லா வீட்டுச் சமையலறைக்கும் வழி தெரியும். மேடையில் இருக்கும் புது ஸ்பீக்கர்கள் அவருடைய காணிக்கை. இந்தக் கிரிப்டோ முதலீட்டைக் கொண்டுவந்தவரும் அவர்தான். "உலகத்தாருக்கு இல்ல, விசுவாசிகளுக்கு மட்டும்" என்று போனில் ஒரு குழுவும் வைத்திருக்கிறார்.

வெளியே வந்தபோது தையல் அக்கா இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாடகர் குழுவின் அங்கிகள் எல்லாம் அவர் தைத்தவை. தனியாக இருக்கிறார். கண் மங்கியதால் போன மாதம்தான் கடையை விற்றார். "அந்த பிரதர் சொன்னப்ப பயமாத்தான் இருந்துச்சு தம்பி. இன்னைக்கு நீங்க சொன்னீங்களா, பயம் போயிருச்சு. கடை வித்த பணம் சும்மாதான கெடக்கு."

இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் இவரைக் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 12, புதன்

இவர் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று முயன்றிருக்கிறார். முதலில் வரி கட்ட வேண்டுமாம், தனியாக, கைப்பணத்திலிருந்து.

"அந்தப் பணத்துலயே கழிச்சுக்கலாமே?"

"அது வெளிநாட்டுச் சட்டம். உனக்குப் புரியாது."

"எந்த நாடு?"

நம் பணத்தை நம்மிடம் தர நாமே பணம் கொடுக்க வேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்? முதலுக்கே மோசம் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இவர் கோட்டு பிரதரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அந்தக் குரல், தேன் மாதிரி: "சந்தேகம் வந்தா ஆசீர்வாதம் தடைபடும் பிரதர். மூணு நாள் உபவாசம் இருந்து பாருங்க."

மார்ச் 13, வியாழன்

இவர் உபவாசம். கோபத்தில் இரண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன்.

மார்ச் 15, சனி

பாட்டுப் பயிற்சி முடிந்து கோப்பை கழுவும்போது, என் பக்கத்தில் நின்று பாடும் நர்ஸிடம் மெதுவாகக் கேட்டேன். அவளுக்கும் வரி கேட்டிருக்கிறார்கள். ஜனவரியிலேயே கட்டிவிட்டாள். இப்போது இன்னொரு கட்டணம் கேட்கிறார்களாம்.

"யார்கிட்டயும் சொல்லலயா?"

"வந்ததுக்கப்புறம் சாட்சியா சொல்லிக்கலாம்னு இருக்கேன் சிஸ்டர்."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் இதுதான் மண்டையைக் குடைந்தது. எங்கள் சபையில் சாட்சி என்றால் முடிவு நல்லதாக இருக்க வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை, அப்படியே பழகிவிட்டது. நோய் குணமான பிறகுதான் நோயைச் சொல்வோம். வேறு வேலை கிடைத்த பிறகுதான் வேலை போன கதையைச் சொல்வோம். நடுவில் நிற்பவர்கள் எழுவதில்லை. எழுந்தால் விசுவாசக் குறைவு.

அப்படியென்றால்? பணம் வந்தவர் எழுந்து பேசுகிறார். மாட்டிக்கொண்டவர் நல்ல முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். காதில் விழுவது எல்லாம் வெற்றி. கோட்டு பிரதர் மேடையேறிப் பொய் சொல்லவே வேண்டாம், அந்த வேலையை நாங்களே செய்துகொடுக்கிறோம். இவருக்கு வந்ததே ஓர் ஆசீர்வாதம், அது யார் போட்ட பணம்? நர்ஸ் கட்டிய வரியாகவும் இருக்கலாம். நினைத்தாலே கூசுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனைக்கு முன்பே பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் பார்வை புது ஸ்பீக்கர் பக்கம் போய்விட்டு வந்தது. "சபையில குழப்பம் வேண்டாம் சிஸ்டர். நான் அவர்கிட்ட தனியா பேசுறேன்." கோட்டு பிரதர் எங்கே வந்தார் பேசுவதற்கு! ஊழியப் பயணமாம், இன்று ஆளே இல்லை.

தையல் அக்காவை வாசலிலேயே பிடித்தேன். வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போகிறாராம். "போடாதீங்க அக்கா, இது ஏமாத்து வேலை" என்றேன், நேராகவே.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரே சபை முன்னாடி சொன்னாரு. உங்களுக்கு மட்டும் வந்தா போதுமா? நாங்களும் நல்லா இருந்துட்டுப் போறோமே."

என்ன சொல்வது? சாட்சி சொன்னவர் இவர். அதை இவர்தான் திரும்ப எடுக்க வேண்டும். நான் ஆயிரம் சொன்னாலும் பொறாமை.

மார்ச் 19, புதன்

சண்டை. பெரிய சண்டை. சாட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அவசரப்பட்டு சொல்லிட்டு, அடுத்த வாரமே பணம் வந்துட்டா? சபை முன்னாடி பொய்யனா நிக்கணுமா நான்?"

"வராட்டி? அந்த அக்கா தெருவுல நிப்பாங்களே, பரவாயில்லையா? ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுக்குறீங்க. பக்கத்துல உக்காந்துக்கிட்டு பிரேக் போடறது மட்டும்தான் உங்க வேலை. அதைக்கூடப் போட மாட்டேன்னா எப்படி?"

சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை, சொல்லத்தான் வேண்டும். இவர் எழுந்து போய்ப் பயிற்சிக் காரைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கார்.

எனக்கு இவர்மேல் கோபம் இல்லை. பயம். இனி இவர் யார் கண்ணைப் பார்த்துப் பேசுவார் என்ற பயம்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் இவர் முதல் வகுப்பை ரத்து செய்துவிட்டுத் தையல் அக்கா வீட்டுக்குப் போனார், தானாகவே. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். நேற்றே கோட்டு பிரதர் போன் செய்து அக்காவை அவசரப்படுத்தி, பாதியை அனுப்பவைத்துவிட்டாராம். மீதிப் பாதிக்குத்தான் இன்று அக்கா பேங்குக்குக் கிளம்பியிருந்தார்.

"கேட்டாங்க. முழுசா கேட்டாங்க. கைப்பைய உள்ள வச்சுட்டு, கதவ சாத்திட்டாங்க."

"திட்டலயா?"

"திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

பேங்குக்கு உடனே சொல்லும்படி அக்காவுக்கு நான் செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

மார்ச் 23, ஞாயிறு

இவர் மைக்கை வாங்கினார்.

"போன தடவ நான் சொன்னது பாதிதான். வந்தது கொஞ்சம். மிச்சம் வரல, வராது. என்னை நம்பி யாரும் போட்டிருந்தா மன்னிச்சுருங்க. இனிமே ஒரு காசு போடாதீங்க. இதுக்கு நல்ல முடிவு இன்னும் இல்ல. அதனால இத்தோட நிறுத்திக்கறேன்."

ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தவர்கள் அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ, "சபையில வந்து பணப் பேச்சு" என்று முணுமுணுத்தார். அப்போது நர்ஸ் எழுந்தாள். "எனக்கும் வரல." அவளுக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும். பிறகு, பாஸ்டரின் சொந்த மைத்துனர்!

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பிரசங்கத் தாளை மடித்து வைத்தார். யாரும் போனில் எதையும் அழிக்க வேண்டாம், பேங்க் ரசீதுகளோடு நாளைக் காலை எல்லோரும் சேர்ந்தே புகார் கொடுக்கப் போவோம் என்றார். "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். ஒரு சிஸ்டர் எங்கிட்ட வந்து சொன்னாங்க." என் பக்கம் பார்க்கவில்லை. பரவாயில்லை.

தையல் அக்கா வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

புகார் கொடுத்தாயிற்று. கோட்டு பிரதர் எண் உபயோகத்தில் இல்லை. வாடகை வீடு காலி.

மார்ச் 27, வியாழன்

போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று நர்ஸுக்கு ஒரு போன். என்னைக் கேட்டாள். அதே கும்பலாகத்தான் இருக்கும், மறுபடி கூப்பிட்டால் போனை வை என்றேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பது இதுதான்.

மார்ச் 30, ஞாயிறு

ஆராதனையில் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. இவர் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5, சனி

நேற்று தையல் அக்காவிடமிருந்து இவருக்குப் போன். "உங்க சாட்சியக் கேட்டுத்தான சேந்தேன் தம்பி? புகார் குடுக்கவும் நீங்களே கூட்டிட்டுப் போங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

இன்று காலை கூட்டிப் போய்விட்டு வந்து, சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னார். அக்கா பின்சீட்டில்தான் உட்கார்ந்தாராம். அனுப்பிய பாதியில் ஏதாவது திரும்புமா என்றால் யாருக்கும் தெரியவில்லை. மீதிப் பாதி பேங்கில் பத்திரமாக இருக்கிறது.

புகார் எழுதிய அதிகாரி அக்காவிடம் கேட்டாராம்: "உங்கள இதுல சேத்துவிட்டது யாரு?"

"இந்தத் தம்பிதான்."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாராம். "அப்புறம் எதுக்கும்மா இவரையே கூட்டிட்டு வந்தீங்க?"

"தடுத்ததும் இவருதான் சார். அதையும் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டாராம்.