மூக்கறுப்பான் ஏற்றத்தில் ஊன்றிய கால்

மச்சான்,

இன்று காலை கடை வாசலில் ஒருவன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த எனக்கு, ஆளைப் பார்க்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. கிளச் தட்டு எரிந்த வாசனை. மலையில் எங்கேயோ வண்டியைப் போட்டு முறுக்கியிருக்கிறான். தராசை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கிளச் எரிந்த வாசனைக்குக் கண் கலங்குகிற ஆள் புளத்கொகுபிட்டியவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதலாளி என்ன ஏது என்று கேட்டார். தும்மல் என்றேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உன் வண்டிச் சத்தம் வருகிறதா என்று காது தேடுகிறது.

வாரம் முழுக்க பிஸ்கட் வேன் ஓட்டுகிறவன், லீவு நாளிலாவது படுத்துக் கிடக்க வேண்டாமா? உன் அம்மாவே என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். நீயோ, "காபட் போட்ட தார் ரோட்டுல ஓடி ஓடி ஒடம்பு தூங்கிருச்சு மச்சான், மண்ணுலதான் எழுப்பணும்" என்று என்னையும் கிளப்பிக்கொண்டு போவாய். நாம் நான்கு பேர், நான்கும் நூறு சிசி பழைய வண்டிகள். றப்பர் மலைக்குள் புகுந்து, தேயிலை மலை வழியாகத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஏறி, இறங்கும்போது அட்டை கடித்த கால்களோடு டீக்கடையில் உட்காருவோம். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

அந்த வழியில் றப்பர் மலை முடிகிற இடத்தில்தான் நம் மூக்கறுப்பான் ஏற்றம் இருக்கிறது. பெயர் நாம் வைத்ததுதான். வேரும் பாறையுமாக நெட்டுக்குத்தாக எழும்பும் ஒற்றையடிப் பாதை. மழை பெய்த மறுநாள் றப்பர் இலை ஒட்டிக்கிடந்தால் சோப்புத் தேய்த்த தரைதான். சின்ன எஞ்சின் வண்டிக்கு அங்கே முறுக்கி ஏறுகிற பலம் கிடையாது. கீழேயிருந்து எடுத்த வேகத்தை விடாமல், முதல் கியரில், உடம்பால் சமாளித்துத்தான் ஏற வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி கிளப்ப முடியாது. கால் ஊன்றாமல் உச்சிக்குப் போனால்தான் ஏறியதாகக் கணக்கு. அந்தச் சட்டத்தைப் போட்டதும் நீதான்.

மற்ற இருவரும் காய்ந்த நாள் பார்த்து ஆளுக்கொரு தடவை ஏறிவிட்டார்கள். நானும் ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்தில் ஏறினேன். நம்மில் நன்றாக ஓட்டுகிற உனக்குத்தான் அந்தக் கடைசி வளைவு பிடி கொடுக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு கால் இறங்கிவிடும். "இன்னிக்கும் மூக்குப் போச்சா?" என்று கேட்போம். நீ மூக்கைத் தடவிப் பார்த்து, "கொஞ்சம் மிச்சமிருக்கு" என்பாய்.

உன்னைப் போல் ஓட்டினவனை நான் பார்த்ததில்லை. எழுந்து நின்று, இரண்டு முழங்காலும் டேங்க்கை ஒட்டி, எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டு போகும். நான் வழுக்கிவிட்டு வண்டியைக் கெட்ட வார்த்தையில் ஏசுவேன். "வண்டியத் திட்டாத, அது ஏறப் பாக்குது. நீதான் எறங்கப் பாக்குற" என்பாய். ஒரு முறை கொழும்பிலிருந்து மூன்று பேர் பெரிய பைக்குகளில் வந்தார்கள். உன் வண்டியைச் சுற்றிப் பார்த்த ஒருவன், இதில் ஏற முடியுமா என்று சிங்களத்தில் கேட்டான். "பலமு மல்லி" என்று சிரித்தாய், பார்க்கலாம் தம்பி என்று. அவர்கள் மூன்று பேரும் பாதியில் விழுந்தார்கள். நீ கடைசி வளைவு வரை போய்விட்டு இறங்கி வந்தாய். நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறு வேலை. நீ அதற்குள் ஒருவனுடைய கிளச் லீவரை நிமிர்த்திக்கொண்டிருந்தாய்.

இன்னொரு பழக்கமும் உனக்கு இருந்தது. பாதையில் சுமையோடு யார் எதிரே வந்தாலும் எஞ்சினை அணைத்துவிடுவாய். கொழுந்துக் கூடையோ, விறகோ, றப்பர் பால் வாளியோ, எதுவானாலும். எனக்கு எரிச்சலாக இருக்கும். "இது அவங்க வேலைக்குப் போற பாத. நாம வெளையாட வந்தவங்க. நாமதான் நிக்கணும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாய்.

பிறகு வயிற்றில் அந்த நோய் வந்தது. கொழும்புக்கும் வீட்டுக்குமாக அலைந்தாய். பைக்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டை தொளதொளவென்று தொங்க, மஞ்சள் ஹெல்மெட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"ஒரு தடவ மச்சான். அந்த ஏத்தம் மட்டும். இனிமே முடியாதுன்னு எனக்கே தெரியுது."

என்னால் மறுக்க முடியவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லாமல் நாம் இரண்டு பேரும் போனோம். நீ விழுந்தால் பிடிக்கலாம் என்று நான் நடந்தே ஏறிக் கடைசி வளைவில் நின்றுகொண்டேன்.

கீழே எஞ்சின் சத்தம் கேட்டது. அன்றைக்கு நீ ஏறிய மாதிரி ஒருநாளும் ஏறியதில்லை. வேரைத் தாண்டினாய், பாறையைத் தாண்டினாய், கால் அசையவே இல்லை. வளைவுக்குள் திரும்பினாய். இன்னும் இரண்டு வண்டி நீளம்தான் பாக்கி.

அப்போது மேலேயிருந்து ஓர் அக்கா இறங்கி வந்தார். இரண்டு கையிலும் பால் வாளி. மழையில் வேலை நின்றுபோகிற வாரங்களில் ஞாயிற்றுக்கிழமையும் றப்பர் மரத்தில் பால் வெட்டுவார்கள். உன்னைக் கண்டதும் கரையோரம் ஒதுங்கப் பார்த்தார்.

நீ எஞ்சினை அணைத்தாய். காலை ஊன்றினாய்.

"போங்க தம்பி, நான் ஒதுங்கிக்கிறேன்" என்றார்.

"வேணாங்க்கா, பால் சிந்திரும். நீங்க மொதல்ல எறங்குங்க."

"நல்லா இருப்பய்யா" என்று சொல்லிவிட்டு அவர் உன்னைக் கடந்து போனார். நீ எதற்காக ஏறினாய், எதை விட்டுக்கொடுத்தாய் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் ஓடிவந்து வண்டியைப் பிடித்தேன். திரும்பக் கீழே போய் ஆரம்பிக்கலாம் என்றேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றினாய். "போதும் மச்சான்" என்றாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு நிமிசம் அந்தம்மா ஒதுங்கி நின்னிருக்கும்டா!"

"நின்னிருக்கும். அதனாலதான் நான் நின்னேன்."

சரி, நீ ஏறிவிட்டதாகவே மற்ற இருவரிடமும் சொல்கிறேன் என்றேன். அதற்குத்தான் உனக்குக் கோபம் வந்தது. "கால் வச்சா வச்சதுதான். பொய் சொல்லாத. அந்தக்காவாலதான்னும் சொல்லாத" என்றாய். அந்த நிலைமையிலும் சட்டம் பேசினாய். இரண்டு பேருமாக வண்டியைப் பின்னாலேயே மெல்ல இறக்கினோம். அடுத்த மாதம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக அந்தப் பக்கம் போனேன். ஏற்றத்தின் அடியில் அதே அக்கா பால் வாளிகளோடு வந்தார். எஞ்சினை அணைத்தேன். இப்போது அது எனக்கும் பழகிவிட்டது. தாண்டிப் போனவர் நின்று திரும்பினார். மேல் டிவிஷனுக்கு அந்தப் பக்கத்துத் தோட்ட லயத்து வீட்டு ஆள் அவர், ஹெல்மெட்டுக்குள் இருந்த உன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"தம்பி, மஞ்சத் தொப்பி போட்ட ஒரு தம்பி வருமே, இப்பக் காணோம்?"

சொன்னேன். அவர் இரண்டு வாளியையும் கீழே வைத்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னயக் கண்டா வண்டிய நிப்பாட்டும். ஏத்தத்துல பாதியில நின்னு வழிவிட்டது அந்தத் தம்பி மட்டுந்தான். அது ஆசப்பட்டதெல்லாம் நடந்துச்சா தம்பி?"

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் இனி ஒவ்வொரு நாளும் பால் வாளியோடு அந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு அவர் இறங்க வேண்டும். நீ அதற்காகவா காலை ஊன்றினாய்? "நடந்துச்சுங்க்கா" என்றேன். பொய் சொல்லாதே என்று நீ சொன்னதை அந்த ஒரு தடவை மீறினேன்.

மற்றவர்களிடம் மீறவில்லை. டீக்கடையில் பேச்சு வரும்போது, "பாவம், அவ்வளவு நல்லா ஓட்டுவான், அந்த ஏத்தம் மட்டும் கடைசி வரைக்கும் ஏறல" என்பார்கள். "ஆமா, ஏறலதான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறேன்.