கீழறையில் ஆறு ஸ்பீக்கர்கள்

பிரியமுள்ள மாமா,

கீழறை வேலை முடிந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வேறு எதைச் சொன்னாலும், "அது கெடக்கட்டும் தாயி, பொட்டியெல்லாம் மாட்டியாச்சா?" என்றுதான் கேட்பீர்கள். மாட்டியாயிற்று. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் பக்கத்துக்கு ஒன்று, மூலையில் அந்தக் குண்டு சப்-வூஃபர். உட்கார்ந்திருக்கிற ஆளின் காது மட்டம் என்று நீங்கள் சுவரில் கைவைத்துக் காட்டினீர்களே, அங்கேதான் எல்லாம் இருக்கின்றன. ஒரு விரற்கடைகூட நகர்த்த விடவில்லை நான்.

நீங்கள்தான் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஜீப் வருவதற்குள் போய்விட்டீர்கள். எல்லாவற்றிலும் நிதானமான மனுஷர், இதில் மட்டும் என்ன அவசரம்? அழுகையைவிட எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இப்போதும் அந்த அறையின் கதவைத் திறக்கும்போதெல்லாம் உங்களோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடுகிறேன்.

போடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்த வீட்டைப் பார்த்து மிரண்டுபோனேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? வண்டன்மேட்டு ரோட்டிலிருந்து பார்த்தால் சின்ன ஓட்டு வீடு. உள்ளே வந்து பின்பக்கம் போனால் படி கீழே இறங்குகிறது. மலைச் சரிவைக் குடைந்து, மூன்று பக்கமும் மண்ணை முட்டுக்கொடுத்து, வீட்டுக்கு அடியில் இன்னொரு அறை. ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி, விலை ஏறும்வரை பூட்டிவைக்கிற இடம். சமவெளியில் பிறந்தவளுக்கு அது பாதாளமாகத் தெரிந்தது. நீங்களோ கைத்தடிகூட இல்லாமல் அந்தப் படிகளில் இறங்குவீர்கள். எஸ்டேட்டில் கங்காணியாக மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால்கள். சர்க்கரை நோய் கண்ணைத்தான் கொண்டுபோனது, கால்களை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று பெருமையடித்துக்கொள்வீர்கள்.

நான் வருவதற்கு முன்பே உங்கள் பார்வை போய்விட்டது. என் முகத்தைக்கூட அத்தைதான் உங்களுக்குச் சொன்னார். நான் மாலையும் கழுத்துமாக நிற்கும்போதே, "மாநிறம்ங்க. நெத்தி அகலம். கொஞ்சம் கோவக்காரி மாதிரித் தெரியுது" என்று என் காதுபடச் சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்கே தெரிந்துகொண்டேன், இந்த வீட்டில் அத்தையின் வாய்தான் உங்கள் கண்.

காலையில் எழுந்ததும் ஆரம்பிப்பார். பனி எதுவரை இறங்கியிருக்கிறது, யார் வீட்டு ஜீப் போகிறது, டீயில் ஆடை விழுந்துவிட்டதா என்று ஒன்று விடாமல் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து டிவியில் படம் போட்டால் கேட்கவே வேண்டாம். "இப்ப கதவைத் தொறக்கிறான்ங்க. அவ திரும்பிப் பார்க்கல. பச்சைச் சேலை, சரிகைக் கரை." சில நேரம் சேலை பச்சையாகவே இருக்காது. வெறும் கைத்தறியாக இருக்கும். அத்தையின் கணக்கில் கதாநாயகிக்கு எப்போதும் பட்டுதான். வசனமே காதில் விழாமல் எனக்கு எரிச்சலாக வரும். "அத்தை, மாமாவுக்குப் படம் காட்டுறீங்களா, இல்லை நீங்களே படம் எடுக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் கண்டுகொண்டதே இல்லை.

அப்புறம்தான் கட்டப்பனையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனது. அவர்கள் வீட்டில் ஹோம் தியேட்டரில் ஒரு படத்தை ஓடவிட்டார்கள். திரும்பி வந்து ஜீப்பிலிருந்து வீட்டு வாசலில் இறங்கியதும் என்னிடம் மெல்லச் சொன்னீர்கள்: "அமலி, மழை எனக்குப் பின்னாடி பெஞ்சுச்சு தாயி. ஒருத்தன் இடது பக்கமா வந்து வலது பக்கமாப் போனான். நான் பார்த்தேன்." கேட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் உங்கள் கட்சியில் சேர்ந்தேன்.

திட்டம் போட்டதெல்லாம் நாம் இரண்டு பேர்தான். உங்கள் மகன் ஜீப் ஓட்டப் போய்விடுவார். நான் டேப்பைப் பிடிப்பேன், நீங்கள் அறையின் ஒவ்வொரு மூலையிலும் நின்று கைதட்டிப் பார்ப்பீர்கள். "இங்க முழங்குது, இங்க வேண்டாம்" என்பீர்கள். பொருத்த வந்த மலையாளத்துப் பையன் சிஜு முதல் நாள் குழம்பிப்போனான். "அங்கிள், டிவி ஏது சுவருல வேணும்? அது தெரிஞ்சாலே பாக்கி பிளான் பண்ண ஒக்கும்." நீங்கள் சொன்ன பதில் இன்னும் அவன் வாயில் இருக்கிறது: "டிவியை நீ கூரையில வேணும்னாலும் ஒட்டு தம்பி. என் நாற்காலியை முதல்ல போடு."

மூட்டைகளால் நாம் அசடு வழிந்ததும் ஞாபகம் இருக்கிறதா? நம் காயும் பக்கத்துத் தோட்டத்துக் காயுமாக அறை நிறைய மூட்டை அடுக்கியிருந்தபோது ஸ்பீக்கர்களைத் தற்காலிகமாகக் கட்டிச் சோதித்தோம். தேனாகக் கேட்டது. இந்த அறையைப் போல அறை உண்டா என்று ஆளாளுக்கு மெச்சிக்கொண்டோம். மூட்டைகள் ஏலத்துக்குப் போன மறுநாள் போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதைப் போல முழக்கம். எதிரொலியைக் குடித்துக்கொண்டிருந்தது ஏலக்காய் என்பது அப்போதுதான் உறைத்தது. "அப்ப காயை விக்காம வச்சுக்கிட்டுப் படம் பார்க்கலாமா?" என்று கேட்டு, நீங்களே இருமும்வரை சிரித்தீர்கள்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவருக்கு அந்த அறை ஆகவில்லை. மழைக்காலத்தில் சுவர் ஊறும் என்றார். இடி விழுந்தால் எல்லாம் கருகும் என்றார். மூட்டையை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்றார். சுவருக்குத் தார் பூசினோம், இடி தாங்கி வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் இறுகியது. மாமியார் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்னவென்று நினைப்பேன்?

மூட்டைகள் இருந்தபோது சோதித்தோம் என்றேனே, அன்று மத்தியானம் நடந்ததைத்தான் இப்போது சொல்ல வேண்டும். அத்தை ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார். சிஜு பென் டிரைவில் கொண்டுவந்த படங்களில் உங்களுக்குப் பிடித்த அந்தப் படமும் இருந்தது. உங்கள் பார்வை போன பிறகு வந்த படம். கணவனோடு மனம் முறிந்த பெண் கடைசியில் பஸ் ஏறுவாள். அதற்கப்புறம் வசனம் கிடையாது, சத்தமும் இசையும்தான். டிவியில் அது வரும்போதெல்லாம் அத்தை, "அவ இறங்கிட்டாங்க! பையைக் கீழ போட்டுட்டு ஓடி வர்றா, அவனும் ஓடுறான்" என்று சொல்வார். நீங்கள் பெருமூச்சுவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள்.

அன்று அத்தை இல்லை. சிஜு வெளியே போன் பேசப் போயிருந்தான். நான் சும்மா இருந்தேன். கொலுசுச் சத்தம் உங்களைக் கடந்து பின்னால் போனது. பஸ் கதவு மூடியது. பஸ் கிளம்பி உங்கள் இடது தோளுக்குப் பின்னால் போய், இன்னும் போய், தேய்ந்து நின்றது. ஓடி வருகிற காலடி எங்கிருந்தும் கேட்கவில்லை.

"தாயி, பஸ் போயிருச்சுல்ல?"

"ஆமா மாமா."

"அவ இறங்கலையா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்ல மாமா."

திட்டப்போகிறீர்கள் என்று பயந்தேன். "எத்தனை தடவை அவளை இறக்கி விட்டிருக்கா, பாவி மக" என்றீர்கள். கன்னத்தில் கண்ணீர், உதட்டில் சிரிப்பு. பிறகு என் கையைத் தேடிப் பிடித்தீர்கள். "உங்க அத்தைகிட்ட இதை மூச்சு விட்டுறாத. அடுத்த தடவையும் அவ இறக்கி விடட்டும்."

சரி என்றேன். அடுத்த தடவை வந்தது. மேலே பழைய டிவியில் அதே படம். அத்தை அதே உற்சாகத்தோடு, "அவ இறங்கிட்டாங்க!" என்றார். நீங்கள் கொஞ்சமும் தடுமாறாமல், "நல்லவேளை, இறங்கிட்டா" என்றீர்கள். நான் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

நீங்கள் போன பிறகு அத்தை பேசுவதை நிறுத்திவிட்டார் மாமா. கோபித்துக்கொண்டு அல்ல. கேட்டதற்கு ஆமாம், இல்லை. அவ்வளவுதான். பனி இறங்குகிறது, ஜீப் போகிறது, எதையும் சொல்வதில்லை. இந்த வீட்டில் இவ்வளவு அமைதி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று உங்கள் மகன் கேட்டார். கூடாது என்று சண்டை போட்டேன். தேங்காய் நாரைச் சாக்குகளில் அடைத்துத் தைத்துச் சுவர் முழுக்க மாட்டினேன். முழக்கம் அடங்கியது. சிஜு கடைசி ஒயரைச் சொருகிவிட்டு, "அங்கிள் கேட்டிருக்கணும் சேச்சி" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், அத்தையைக் கீழே கூப்பிட்டேன். படிவரை வந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே வர மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டியே கேட்டேன். அத்தனை மாதம் தேக்கிவைத்தது உடைந்துகொண்டு வந்தது.

"கண்ணு தெரியாத மனுசனை நான் ஏமாத்திட்டேன்டி. சாகுறவங்களை எல்லாம் பொழைக்க வச்சேன். பிரிஞ்சவங்களைச் சேர்த்து வச்சேன். அவுக மனசு தாங்காதுன்னு சொன்னேன். இந்தப் பொட்டியெல்லாம் மாட்டினா எவன் வர்றான், எவன் போறான்னு அவுகளுக்கே தெரிஞ்சுரும்ல? அம்புட்டுப் பொய்யும் வெளிய வந்துரும்ல?"

"அதுக்காகவா அத்தை வேண்டாம்னீங்க?"

"சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். பொய் சொன்னதுக்கு மூணு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னாரு. இன்னொண்ணை அவருகிட்டச் சொல்லவே இல்லை." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இந்த வேலை முடியவே கூடாதுன்னு மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கிட்டேன் அமலி. முடியலைல? அதுக்குள்ள அவுக போயிட்டாகல்ல?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் மாமா? உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் கட்டிக்கொண்டு, அந்த மனுஷி தன் வேண்டுதலால்தான் உங்களைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு மீதிக் காலத்தைக் கழிக்க விட்டிருக்க வேண்டுமா? சொல்லிவிட்டேன். நீங்கள் பஸ் போனதைக் கேட்டது, அழுதுகொண்டே சிரித்தது, அடுத்த தடவையும் இறக்கி விடட்டும் என்றது, எல்லாவற்றையும் அந்தப் படியில் உட்கார்ந்தே சொன்னேன். என்மேல் வருத்தம் இருந்தால் இருக்கட்டும். நீங்களாக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

முதலில் அத்தைக்குக் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டேவா நல்லவேளைன்னாரு? நடிப்பு! என்னா நடிப்பு!" என்று முழங்காலில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று குரல் இறங்கியது. "அன்னைக்கு மட்டும் படம் முடியிற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாக. பிள்ளைங்க இருக்கையில என்னத்துக்கு இதுன்னு நான் உதறப் பார்த்தேன். விடலை."

அப்புறம் தானாகவே எழுந்து உள்ளே வந்தார். உங்கள் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மறுக்கவில்லை. அந்தப் படத்தையே போடச் சொன்னார். முழுப் படத்துக்கும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் பஸ் ஏறினாள். கதவு மூடியது. அத்தை படத்தைப் பார்க்கவில்லை மாமா, கண்களை மூடிக்கொண்டார். பஸ் அவரைத் தாண்டிப் பின்னால் போனது. சத்தம் முழுக்கத் தேயும்வரை அசையாமல் கேட்டார்.

"ரொம்ப தூரம் போயிருச்சு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு விம்மி அழுதார். நீங்கள் போனதிலிருந்து நாங்கள் யாரும் பார்க்காத அழுகை அது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அன்றுதான் நீங்கள் போய்விட்டது முழுசாகத் தெரிந்தது.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வருகிறேன். பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அவர் அங்கே உட்கார்ந்து உங்களுக்கு ஒரு படம் சொல்வார். எந்தப் படம், என்ன முடிவு என்று எனக்குத் தெரியாது. யார் இறங்கினாலும், யார் ஓடி வந்தாலும், நான் தள்ளி நின்றுகொள்கிறேன். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

என்றும் உங்கள் கட்சியில் இருக்கும்,
உங்கள் மருமகள்,
அமலி