ஸ்பீக்கரில் வந்த குரல்

அன்புள்ள பெரிய தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். சின்னவனும் நலம்.

அவனைப் பற்றி உன் வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று நீ சொல்லி ஆறு வருடமாகிறது. உன் கல்யாணப் பேச்சின்போது, "மனநோய்னு தெரிஞ்சா பொண்ணு தரமாட்டாங்கக்கா. தம்பி செத்துட்டான்னு சொல்லிட்டேன். வாயை மட்டும் திறந்துடாத" என்று கெஞ்சினாய். நானும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மனச்சிதைவு பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் லீவு சொல்லிவிட்டு வாரம் ஒரு நாள் அவனைக் கூட்டிப் போகிறேன். கம்பிகள் வைத்த தொப்பியைத் தலையில் மாட்டி, கம்ப்யூட்டரில் சீட்டுகள் காட்டுவார்கள். நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். பிறகு சொல்லாமலே விதியை மாற்றி, வடிவம் என்று வைத்துவிடுவார்கள். நமக்கென்றால் இரண்டு மூன்று தப்பில் பிடிபட்டுவிடும். அவன் பதினொரு தடவை நிறத்தையே பிடித்துக்கொண்டு நின்றான். விதி மாறும்போது மூளையின் மின்னலைகள் ஒரே தாளத்தில் சேர வேண்டுமாம். அவனுக்கு அது சரியாகக் கூடிவருவதில்லையாம். "பிடிவாதம் இல்லைங்க இது" என்றார் டாக்டர். பிடிவாதக்காரன் என்று சொல்லிச் சொல்லி நீ அவனை அறைந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத உடன்பிறந்தவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். உன் நம்பரைச் சின்னவன்தான் மனப்பாடமாகச் சொன்னான். நீ வரமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் தடுக்க மனம் வரவில்லை. தொப்பி மாட்டும் பெண்ணின் கையெல்லாம் பசை. அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எனக்குத் தம்பியே இல்லீங்க. இருந்தவன் செத்து ஆறு வருஷமாச்சு" என்றாய்.

 சின்னவன் என்னை மெல்லக் கூப்பிட்டு, "அக்கா, இந்தக் குரல் உனக்கும் கேட்டுச்சா?" என்றான்.

இல்லாத குரல்களோடு மல்லுக்கட்டியே இளைத்தவன் அவன். "யாரும் பேசலடா" என்று எத்தனையோ தடவை தேற்றியிருக்கிறேன். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பான். உன்னைக் காப்பாற்ற அவனைப் பைத்தியமாக்க எனக்கு மனமில்லை. "கேட்டுச்சுடா" என்றேன்.

அந்தத் தொப்பியோடு அவனைப் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டேன். பின்பக்கத்தில் தேதி போட்டு, "அண்ணிக்கு வணக்கம்" என்று அவனே எழுதினான். உன் மனைவியின் ஆபீசுக்கு அனுப்பினேன். நேற்று போன் செய்தாள். "அவர் நெஜமாவே இருக்காரா அக்கா?" என்று கேட்டாள். அப்புறம் வெகுநேரம் அழுதாள். உன்னிடம் சொல்லாமல் குழந்தையோடு சனிக்கிழமை வருகிறாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இங்கே இருப்பாள். அவள் கேட்பதற்கெல்லாம் ஒன்றுவிடாமல் பதில் சொல்வேன். வயிறு எரிகிறதா? எரியட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நூறு வயது வாழவேண்டும், ஞாபகம் கொஞ்சமும் மங்காமல்.

இப்படிக்கு,
இரண்டு தம்பிகளுக்கு அக்கா